மூன்றாவது பாயிண்ட்

அந்தக் கல்லூரியில் அவளுக்கு அஞ்சு பாயிண்ட் மேடம் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவன் சரியாகத்தான் வைத்திருந்தான். எதைக் கையில் கொடுத்தாலும் ஐந்து பாயிண்டாக உடைத்துக் கொடுத்துவிடுவாள். ஒரு நாவலா, ஐந்து பாயிண்ட். ஒரு நூற்றாண்டா, அதுவும் ஐந்துதான். ஆறாவதாக ஏதாவது தலையை நீட்டினால் அதைப் பிடித்து ஐந்தாவதுக்குள் அமுக்கிவிடுவாள். பிள்ளைகளுக்கு இதில் என்ன கஷ்டம்? ஒரு கை விரலை மடக்கிக்கொண்டே பரீட்சை ஹாலுக்குள் போவார்கள், பாஸாகி வெளியே வருவார்கள். அவள் பாடத்தில் ஃபெயிலானவன் என்று ஒருத்தனைக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.

அவள் எடுத்த பாடம் அமெரிக்க இலக்கியம். அதற்கும் அவளுக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. அவள் படித்தது மொழியியல். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டிருந்தவர் மாற்றலாகிப் போக, துறைத் தலைவர் வராந்தாவில் இவளை நிறுத்தி ஒரு தடித்த ஃபைலைக் கையில் திணித்து, சமாளித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து சமாளிக்கிறாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சமாளித்தாள்.

அதில் வருஷா வருஷம் முதலில் வருவது ரொமான்டிசிசம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நாட்டில் எழுதியவர்களையும் படம் வரைந்தவர்களையும் பிடித்து ஆட்டிய வேகம் அது. பெயரைக் கேட்டதும் வகுப்பில் எவனாவது ஒருத்தன் லவ் பாடமா மேடம் என்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். மேடம் சிரிக்காமல் முதல் விரலை நீட்டுவாள். உனக்குள் பேசுகிற குரல் ஊர் பேசுகிற பேச்சைவிடப் பெரியது, இது ஒன்று. காடும் மலையும் ஆறும் சும்மா பார்த்துவிட்டு வருகிற இடங்கள் இல்லை, மனிதனுக்குக் கற்றுக்கொடுப்பவை, இது இரண்டு. தனி மனிதன், கூட்டத்தை விட்டு விலகித் தன் வழியில் நடப்பவன், இது மூன்று. லாபக் கணக்கைவிடக் கற்பனைக்கும் உணர்ச்சிக்கும் மதிப்பு அதிகம், ஏனென்றால் அப்போதுதான் அங்கே ஆலையும் ரயிலும் வந்து மனிதனைச் சக்கரத்தோடு சக்கரமாக்கிக்கொண்டிருந்தன, இது நான்கு. ஐந்தாவது இருட்டு. தனக்குள் எட்டிப் பார்க்கிறவனுக்கு அங்கே வெளிச்சம் மட்டும் தெரியாது, பயமும் குற்றவுணர்வும் பைத்தியமும்கூடத் தெரியும் என்று சிலர் எழுதினார்கள். இந்த ஐந்தாவது வரும்போது எப்போதும் மணி அடித்துவிடும். ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து, இவர்கள் விடுதலை விடுதலை என்று எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே நாட்டில் மனிதர்களை விற்று வாங்கினார்களே, அது எந்தப் பாயிண்டில் வரும் என்று கேட்டாள். மேடம் கொஞ்ச நேரம் திருதிருவென விழித்துவிட்டு, அதுவும் ஐந்தில்தான் என்று சொல்லி அமுக்கினாள்.

இத்தனை காடு மலை பேசுகிறவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். சுவரில் ஒரு பல்லி தெரிந்தால் போதும், "என்னங்க" என்று வீடே அதிரும். வெயில் தாழ்ந்ததுமே கொசுவுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திவிடுவாள். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனால் எல்லோரும் அருவியில் நிற்க, இவள் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருப்பாள்.

"என்னங்க" என்றதும் துடைப்பத்தோடு ஓடி வருகிறவர்தான் அவள் வீட்டுக்காரர். பஸ் டெப்போவில் ஸ்டோர் கீப்பர். டெப்போவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இல்லை, ஸ்டோர் சார்தான். பிரேக் லைனிங், ஃபேன் பெல்ட், அளவு வாரியாக போல்ட்டு நட்டு என்று கூரை வரைக்கும் அடுக்கிய இரும்பு ராக்குகளுக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பகலெல்லாம் எரிகிற ஒரு டியூப்லைட். ஜன்னல் கிடையாது. சுவரில் பலகை வைத்த ஒரு சின்னத் திறப்பு, அதன் வழியாக மெக்கானிக்குகள் கையை நீட்டி வேண்டியதைக் கேட்பார்கள், இவர் எடுத்துக் கொடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. வாயில்லாப் பூச்சி. கடைக்கு அனுப்பினால்கூட, தக்காளி பழுத்ததா காயா என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், அப்பா போனில் பேசினால் லைன் கட்டாகிவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது என்பாள்.

இனி மேடத்தின் ரகசியத்தைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் வகுப்பில் பாதி வாக்கியத்தில் மறந்துபோய் நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அவமானம் அவளுக்கு எலும்பு வரை இறங்கிவிட்டது. மறுநாளிலிருந்து, அன்று எடுக்கப்போகிற பாடம் முழுவதையும் காலையில் சமையலறையில் நின்றபடி உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்குக் கிளம்புவாள். கையில் கரண்டி, அடுப்பில் குக்கர், வாயில் அமெரிக்கா. எதிரே மேஜையில் அவர் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டு "ம்" கொட்டுவார். அந்த "ம்" சரியான இடத்தில் விழுந்தால் வாக்கியம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். தாமதமாக விழுந்தால் வாக்கியம் நீளம் என்று வெட்டிவிடுவாள். நடுவில் பேச மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. ஒரு வார்த்தை குறுக்கே வந்தாலும் அவளுக்கு நூல் அறுந்துவிடும், மறுபடி ஒன்றாவது பாயிண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் கேட்கிறாரா என்று அவள் யோசித்ததே கிடையாது. சாய்ந்துகொள்ளும் சுவரைப் பார்த்து யாராவது கேட்கிறாயா என்று விசாரிப்பார்களா?

பாடத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை அவர் ஒரு கேள்வி கேட்டதுண்டு. வகுப்பில் காட்டுவதற்காக அந்தக் காலத்து ஓவியம் ஒன்றை லேப்டாப்பில் வைத்திருந்தாள். பெரிய மலை, அதன் மேல் மேகம், கீழே ஒரு ஏரி, ஏரியின் ஓரத்தில் எறும்பளவு ஒரு மனிதன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, அந்த ஆள் யார் என்று கேட்டார். மலை எவ்வளவு பெரிது என்று காட்டுவதற்காக ஒரு ஆளைப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு மேடம் லேப்டாப்பை மூடினாள்.

அந்த வருஷமும் வகுப்பு தொடங்கியது. லவ் பாடமா என்று ஒருத்தன் கேட்டான், சிரித்தார்கள், விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டன. கடைசி பெஞ்சில் நெற்றி மறைய முடி விட்டிருக்கும் ஒரு பெண், நோட்டில் ஒரு எழுத்துகூட எழுதாதவள், மூன்றாவது பாயிண்டின்போது கையைத் தூக்கினாள்.

"மேடம், இதையெல்லாம் யாராவது நிஜமா செஞ்சாங்களா?"

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அது பரீட்சைக்கு வராது என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது, அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்தது.

வராந்தாவுக்கு வந்து போனைப் பார்த்தால் டெப்போவிலிருந்து அழைப்பு. தலைமை மெக்கானிக் பேசினார். ஸ்டோர் சார் படிக்கிற கண்ணாடியை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார், மேடம் அந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ள முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். அதற்கென்ன, நாளைக்கு அவரே வந்து எடுத்துக்கொள்வாரே என்றாள் மேடம். பிறகு மெக்கானிக் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவருக்கு நேத்தோட வேலை முடிஞ்சிருச்சே மேடம். வேலையை விடறேன்னு எழுதிக் கொடுத்து ரெண்டு மூணு மாசம் ஆச்சு. நேத்து எல்லாரும் சேர்ந்து டீ குடிச்சு அனுப்பி வெச்சோம். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூணைப் பிடித்துக்கொண்டாள். தெரியும், தெரியும், மறந்துவிட்டேன் என்று ஏதோ உளறி போனை வைத்தாள். நேற்று வேலை முடிந்தவர் இன்று காலை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாரே. எங்கே போனார்? அவர் நம்பரை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்று காலை அவர் தோளில் இருந்தது வழக்கமான பையா, பெரிய பையா என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. அவர் முகத்தையே இன்று பார்த்தோமா என்பதும் ஞாபகம் வரவில்லை.

துறைத் தலைவரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு டெப்போவுக்கு ஓடினாள். அந்த இடத்துக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. வாசலோடு நின்று அவரைக் கூட்டிக்கொண்டு போனதுதான். டீசல் நாற்றமும் கரியுமாக இருந்த ஷெட்டைத் தாண்டி ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்தாள். டியூப்லைட்டை அணைத்திருந்தார்கள். பட்டப்பகலில் உள்ளே கும்மிருட்டாக இருந்தது. ஏதோ கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவள்போல் சட்டென்று தலையை வெளியே இழுத்துக்கொண்டாள். இதற்குள்ளா ஒரு ஆயுசை உட்கார வைத்திருந்தோம் என்று அவளுக்குத் திக்கென்றது.

தலைமை மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து கண்ணாடியைக் கொடுத்தார். சார் படகு வீட்டுக்குத்தான் போயிருப்பார் என்றார். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் இருக்கிறதே, படகு விடுவதை நிறுத்திய பிறகு சும்மா கிடக்கிறதே, அங்கே ஆள் இருந்தால் போதும் என்று உரிமையாளர் சாவியைக் கொடுத்திருக்கிறாராம். இனிமேல் அங்கேதான் தங்கப் போகிறாராம். தாங்கள் ஒரு டார்ச் லைட் வாங்கிக் கொடுத்ததாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தலையைச் சொறிந்தார்.

"தினமும் டீ நேரத்துல சார் ஒரு விஷயம் சொல்வாரு மேடம். மனசுக்குள்ள ஒரு குரல் இருக்கு, அதைக் கேக்கணும்பாரு. எங்க வீட்டுல காலையில சொன்னாங்கன்னுதான் ஆரம்பிப்பாரு. நீங்க சொல்லித்தான் போறாருன்னு நாங்க எல்லாரும் நெனச்சோம்."

வீட்டில் ஒரு வருஷத்தில் பேசாத பேச்சை இந்த மனிதர் இங்கே டீ குடிக்கும்போது பேசியிருக்கிறார். அதுவும் எதை? அவள் பரீட்சைக்காகச் செய்து வைத்த ஐந்து பாயிண்டை.

ஏரிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போன் அடித்தது. அவருடைய அக்கா, அவளுக்கு நாத்தனார். டெப்போவில் எவனோ அக்கா வீட்டுக்காரரிடம் சொல்ல, செய்தி எட்டிவிட்டது. எடுத்த எடுப்பிலேயே பிடி பிடி என்று பிடித்துக்கொண்டார். பேரன் எடுக்கிற வயசில் தம்பிக்குப் புத்தி இப்படிப் போனதற்கு வீட்டில் நடந்த சண்டைதான் காரணம் என்றார். சண்டையே இல்லை அண்ணி என்றாள் மேடம். அப்படியானால் வேறு யாரோ ஒருத்தி இருக்க வேண்டும் என்றார். அதுவும் இல்லை என்று மேடம் சொன்னதும் அண்ணிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சண்டையும் இல்லாமல் ஒருத்தியும் இல்லாமல் ஒரு ஆம்பளை வீட்டை விட்டுப் போவானா, வேளா வேளைக்குச் சோறு போட்டாயா, முகம் கொடுத்துப் பேசினாயா என்று அடுக்கினார். கடைசிக் கேள்வியோடு மேடம் போனை வைத்துவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரி உற்றுப் பார்க்க, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

கோபித்துக்கொண்டு போயிருந்தால் காலில் விழுந்தாவது கூட்டி வந்துவிடலாம். கோபமே இல்லாமல் ஒருவர் போனால் எதைச் சொல்லி அழைப்பது? இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வரவில்லை என்றால் அந்த மனிதர் இனி வீட்டுக்குத் திரும்பவே மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. சமையலறையில் அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதை நினைத்துப் பார்த்தாள். பெண்ணை வளர்த்து அனுப்பியபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

பஸ் அவளை ஏரியின் இந்தக் கரையில் இறக்கிவிட்டுப் போனது. சாய்கிற வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூச வைத்தது. அந்தக் கரையில் ஓடு போட்ட படகு வீடு, அதன் பின்னால் மேடு, மேட்டின் மேல் மரங்கள். வாசலில் கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பக்கத்தில் ஒரு உருவம், எறும்பளவு, குனிவதும் நிமிர்வதுமாக இருந்தது. பார்த்ததும் அவளுக்கு அந்த ஓவியம் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான் என்று சொல்லி மூடியது நினைவுக்கு வந்து அவள் வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.

அவர் துடுப்புகளை வெயிலில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நீளத்துக்கு ஏற்ப வரிசையாக அடுக்கியிருந்தார், ஸ்டோர் புத்தி போகுமா? அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்கு இன்னும் அதிர்ச்சி. திருட்டுத்தனமாக ஓடி வந்தவன் சிரிக்கிற சிரிப்பா அது?

"வந்துட்டியா? வாரக் கடைசியில வான்னு காலையில சொன்னேன், நீ 'ம்'னு சொன்னே. அதான் இன்னைக்கு எதிர்பார்க்கல."

காலையில் நான் "ம்" சொன்னேனா என்று அவள் திகைத்தாள். மூச்சு வாங்கியது. கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள்.

"வேலையை விடப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"சொன்னேனே," என்றார் அவர்.

"எப்போ?"

"போன வருஷப் பரீட்சைக்கு முன்னாடி பழைய பாடத்தையெல்லாம் நீ மறுபடி சொன்னியே, அந்த வாரம். பீன்ஸ் நறுக்கிக்கிட்டே கேட்டேன். வேலையை விட்டுட்டு ஏரிக்கரையில போய் இருக்கலாம்னு பாக்கறேன், நீ என்ன சொல்றேன்னு. நீ என் முகத்தை நேரா பாத்து, கையைத் தூக்கி, கூட்டம் போற வழியில போகாதே, உன் காலுக்குத் தெரிஞ்ச வழியில நடன்னு சொன்னே. எனக்கு அன்னைக்குப் புல்லரிச்சுப் போச்சு."

அந்தக் காலை அப்படியே கண்முன் வந்து நின்றது. குக்கர் இரைந்துகொண்டிருந்தது. மூன்றாவது பாயிண்டின் நடுவில் அவர் ஏதோ குறுக்கே பேசினார். நூல் அறுந்துவிடுமே என்ற எரிச்சலில், பேசாதே என்று கையைக் காட்டிவிட்டு, குரலை இன்னும் உயர்த்தி அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். கையைக் காட்டியது நிறுத்தச் சொல்லி. அவர் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அவள் பாடத்தைச் சொன்னாள், அவர் அதைப் பதில் என்று வாங்கிக்கொண்டு போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஐயோ, அது உங்களுக்குச் சொன்னது இல்லைங்க. அது பாடம்."

"பாடம்னா?"

அவர் உண்மையாகவே கேட்டார். கேலி இல்லை, குத்தல் இல்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"பாடம்னா பாடம்தான். பரீட்சைக்கு வரும், பசங்க எழுதுவாங்க, பாஸாவாங்க. அதையெல்லாம் யாராவது நிஜமா செய்வாங்களா?"

சொன்ன பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவளுக்கு உறைத்தது. நெற்றி மறைய முடி விட்ட அந்தப் பெண் காலையில் இதைத்தான் கேட்டாள். அவள் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள். இவள் வாயிலோ அது ஏளனமாக வந்துவிட்டது.

இப்போது அதிர்ந்து போனது அவர். பேயறைந்தவர்போல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடி மாதிரி விழுந்திருக்கிறது அவருக்கு, வேலையை விட்டதல்ல, இது.

"உனக்கு அதுல நம்பிக்கை இல்லையா?" என்றார் மெதுவாக. "தெனமும் காலையில நின்னு அவ்வளவு உருக்கமா சொல்வியே. யாருக்குப் பிடிக்கலைன்னாலும் உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். அக்கா ஏசுவா, ஊர் சிரிக்கும், அதெல்லாம் தெரியும். உன் ஒருத்தியை நம்பித்தானே வந்தேன்."

விரலை மடக்கிச் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. அவளுக்கு அதில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று அவளை இதுவரை யாருமே கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. காற்றில் ஒரு துடுப்பு சரிந்து விழுந்தது, அவர் அதை நிமிர்த்தி வைக்கக் குனியவில்லை.

"சரி விடு. நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்," என்றார். "வா, வீட்டுக்குப் போகலாம்."

அவர் உள்ளே போனார். அவளும் பின்னாலேயே போனாள். துடுப்புகள் வைத்திருந்த அறை அது. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஆணியில் அந்த டார்ச் லைட். சுவரில் பாதி ஜன்னல். ஏரி முழுவதும் அதற்குள் தெரிந்தது. அவர் அந்த ஜன்னலைச் சாத்தினார். கொடியில் கிடந்த இரண்டு சட்டைகளை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். பாடத்துக்கு "ம்" கொட்டும்போது இருக்கும் அதே முகம் வந்து அமர்ந்துவிட்டது. வந்த காரியம் ஆகிவிட்டது. மனிதர் திரும்பி வருகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ், பிறகு வீடு, நாளைக் காலையில் அந்த நாற்காலியில் அவர் இருப்பார். இதற்காகத்தானே மூச்சு வாங்க ஓடி வந்தாள்? ஆனால் சாத்திய ஜன்னலுக்கு முன்னால், அந்த அரை இருட்டில் அவர் சட்டை மடிப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. மத்தியானம் எட்டிப் பார்த்துத் தலையை இழுத்துக்கொண்ட அந்த ஸ்டோருக்குள்ளேயே இவரைத் திரும்பத் தள்ளிப் பூட்டப் போகிறோம், இந்தத் தடவை சாவி நம் கையில் என்று நினைத்தாள். ஐந்தாவது பாயிண்டை இத்தனை வருஷம் மணி அடிக்கும்போது ஓடி ஓடிச் சொன்னவளுக்கு, தனக்குள்ளே எட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கிட்டே போய் அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஜன்னலைத் திறந்தாள்.

"நீங்க வர வேண்டாம்," என்றாள். "எனக்கு அதுல நம்பிக்கை இருக்கான்னு எனக்கே தெரியலைங்க. பொய் சொல்ல மாட்டேன். நீங்க அன்னைக்கு எங்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே, அதை இன்னொரு தடவை கேளுங்க."

அவர் அவளை நம்பாமல் பார்த்தார்.

"எங்கேருந்து?"

"முதல்லேருந்து."

கட்டிலில் ஒரு ஓரத்தில் அவர் உட்கார்ந்தார், மறு ஓரத்தில் அவள். பீன்ஸ் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி ஆரம்பித்தார்.

"ஒரு நாள் ஸ்டோர்ல உக்காந்திருந்தேன். ஒரு மெக்கானிக் வந்து ஓட்டை வழியா கையை நீட்டினான். கையெல்லாம் தண்ணி சொட்டுது. என்னப்பா இதுன்னேன். மழை சார், காலையிலேருந்து கொட்டுதேன்னான். எனக்குத் தெரியவே இல்ல. காலையிலேருந்து ஊரே நனைஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல. அன்னைக்குத்தான் பயமா இருந்துச்சு. எத்தனை மழை இப்படிப் போயிருக்கும்னு."

அந்த மழை நாளில் இவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாரா, சொல்ல வாயெடுத்தாரா, தான் என்ன பாயிண்டில் இருந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

ரோட்டில் கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. யாரும் ஏறாததால் கிளம்பிப் போனது. அவர் பேச்சை நிறுத்தி, பஸ் போயிடுச்சே என்றார். போகட்டும் என்றாள். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு பல்லி வந்து, இவளையே பார்த்துக்கொண்டு நின்றது. மேடமும் அதைப் பார்த்தாள். இரண்டு காலையும் கட்டிலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "என்னங்க" என்று மட்டும் கூப்பிடவில்லை.

"அப்புறம் ஒரு நாள்..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்தார், நிறுத்திக்கொள்ளலாமா என்பதுபோல.

"ம்," என்றாள் மேடம்.